பாதி வீட்டில் சைக்கிள்... ரோட்டில் மட்டும் இடம் இல்லை!

நம்ம நாட்டில் 100 வீட்டை எண்ணினால் 50 வீட்டில் சைக்கிள் நிற்கிறது. கார் நிற்கிற வீடு 8 கூட தேறாது. இது டீக்கடையில் யாரோ போட்ட கணக்கு அல்ல. மத்திய அரசு 2019 முதல் 2021 வரை நடத்திய தேசிய குடும்பநல ஆய்வில் வந்த கணக்கு. சைக்கிள் உள்ள வீடு 50 சதவீதம். கார் உள்ள வீடு ஏழரை சதவீதம்.

அப்படியானால் ரோட்டில் கால்வாசி இடமாவது சைக்கிளுக்கு இருக்க வேண்டுமே? பைபாஸ், நாலு வழிச்சாலை, மேம்பாலம், பார்க்கிங் என்று பார்த்தால் எல்லாம் அந்த ஏழரை வீட்டுக்காரர்களுக்காகப் போட்டது மாதிரியே இருக்கிறது. ரோட்டோர மண்ணில், கண்ணாடிச் சில்லுக்கும் குப்பைத் தொட்டிக்கும் நடுவில், பால்காரரும் பள்ளிக்கூடப் பிள்ளையும் வளைந்து வளைந்து போய்க்கொண்டிருக்கிறார்கள்.

2011 மக்கள்தொகை கணக்கெடுப்பில் வேலைக்கு எப்படிப் போகிறீர்கள் என்றும் கேட்டார்கள். விவசாயம், வீட்டுத்தொழில் தவிர மற்ற வேலை பார்ப்பவர்களில் 100-க்கு 13 பேர் சைக்கிளில் போவதாகச் சொன்னார்கள். எண்ணிக்கையில் 2 கோடியே 60 லட்சம் பேர். காரில் போனவர்கள் 100-க்கு 3 பேர் கூட இல்லை.

யார் இந்த 2 கோடியே 60 லட்சம் பேர்? கேரியரில் டீ கேன் கட்டியவர், கோலமாவு மூட்டை வைத்தவர், கீரைக்காரர், நைட் டியூட்டிக்குப் போகிற வாட்ச்மேன், கொத்தனார் கையாள், திருப்பூரிலும் ஸ்ரீபெரும்புதூரிலும் ஷிப்டுக்குப் போகிற வடமாநிலத் தொழிலாளி. இவர்களில் யாரும் தொப்பையைக் குறைக்க சைக்கிள் மிதிக்கவில்லை. ஒரு நாளைக்கு 20 கிலோ மீட்டர் போய்வர டூவீலருக்கு ஏறக்குறைய 40 ரூபாய் பெட்ரோல் வேண்டும். மாசத்துக்கு ஆயிரம் ரூபாய். அந்த ஆயிரம்தான் வீட்டு அரிசி.

வழிகாட்டிய புதுக்கோட்டை

சைக்கிள் ஒரு ஊரையே மாற்றும் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் தேட வேண்டாம். புதுக்கோட்டை இருக்கிறது.

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தது. அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுதப் படிக்கக் கற்றுக்கொடுப்பதோடு நிற்காமல், பெண்களுக்கு சைக்கிள் ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். கல்குவாரியில் வேலை பார்த்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், வயல் வேலைக்குப் போனவர்கள் என்று சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மைதானத்துக்கு வந்தார்கள். ஒரு லட்சம் பெண்கள் வரை கற்றுக்கொண்டதாகக் கணக்கு.

கேலி பேசியவர்களுக்கும் குறைவில்லை. லேடீஸ் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆம்பளை சைக்கிளையே ஓட்டினார்கள். நடுவில் கம்பி இருப்பதும் வசதிதான், பிள்ளையை உட்கார வைக்கலாம் என்றார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதைப் பற்றி எழுதிய பிறகு நாடு முழுக்கத் தெரிந்தது.

பஸ்ஸுக்குக் காத்திருந்த நேரம் மிச்சமானது. தண்ணீர் எடுக்க, விறகு கொண்டுவர, சந்தைக்குப் போக யார் தயவும் தேவைப்படவில்லை. வீட்டு ஆம்பளை வந்து கூட்டிப்போகட்டும் என்று காத்திருக்கிற வேலை ஒழிந்தது. பாதி விடுதலை அதில்தான் இருந்தது.

அரசு தந்த சைக்கிள்

பிறகு அரசே சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. 2001-ல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு என்று தொடங்கிய இலவச சைக்கிள் திட்டம், 2005-ல் அரசு மற்றும் அரசு உதவி பெறும் பள்ளிகளில் பிளஸ்-1 படிக்கும் மற்ற மாணவ, மாணவிகளுக்கும் விரிந்தது. 2022-ம் ஆண்டில் மட்டும் 323 கோடி ரூபாய் செலவில் 6 லட்சத்து 35 ஆயிரம் சைக்கிள்கள் ஒதுக்கப்பட்டன. ஒரு சைக்கிளுக்கு 5 ஆயிரத்துச் சொச்சம்.

பீகாரில் 2006-ல் 9-ம் வகுப்பு மாணவிகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். பொருளாதார நிபுணர்கள் கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் இருவரும் அதை ஆராய்ந்தார்கள். உயர்நிலைப் பள்ளியில் சேரும் மாணவிகள் எண்ணிக்கை 32 சதவீதம் கூடியது தெரியவந்தது. பள்ளிக்கூடம் தூரமாக இருந்த கிராமங்களில்தான் பலன் அதிகம். பெண்பிள்ளையை 5 கிலோ மீட்டர் நடக்கவிட யோசித்த பெற்றோர், சைக்கிள் வந்ததும் அனுப்பினார்கள்.

ஆக, சைக்கிள் கொடுத்தால் பலன் உண்டு. சந்தேகமே இல்லை. ஆனால் பிளஸ்-2 முடிந்ததும் அந்த சைக்கிள் எங்கே போகிறது?

சிலது அப்பா கைக்குப் போகிறது. சிலது தம்பிக்கு. நிறைய சைக்கிள் வீட்டுத் திண்ணையோரம் டயர் இறங்கித் துருப்பிடித்து நிற்கிறது. காலேஜ் போகிற பையன் டூவீலர் கேட்டு அடம் பிடிக்கிறான். அரசே 2018-ல் வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஸ்கூட்டர் வாங்க 25 ஆயிரம் ரூபாய் வரை மானியம் கொடுத்தது. சைக்கிள் என்றால் சின்னப் பிள்ளைக்கும் வசதி இல்லாதவனுக்கும் என்று ஆகிவிட்டது.

இதற்குக் கௌரவம் மட்டும் காரணம் இல்லை. உயிர் பயமும் காரணம். அந்த பயத்தை உண்டாக்குவது ரோடு.

ராங் சைடில் வருவது ஏன்?

சைக்கிள்காரர் என்றாலே எதிர்த்திசையில் வருவார், எப்போது குறுக்கே திரும்புவார் என்று தெரியாது என்பது கார்க்காரர்களின் புகார். உண்மைதான், வருகிறார். ஏன் வருகிறார் என்று பார்க்க வேண்டாமா?

ஊருக்கு நடுவே இருந்த ரோட்டை நாலு வழிச்சாலை ஆக்குகிறார்கள். நடுவில் சென்டர் மீடியன் எழுப்புகிறார்கள். இந்தப் பக்கம் வீடு, அந்தப் பக்கம் பள்ளிக்கூடம். முன்பு 20 அடி கடந்தால் போதும். இப்போது மீடியனில் வழி இருக்கும் இடம் ஒரு கிலோ மீட்டர் தள்ளி. போய்த் திரும்பி வந்தால் 2 கிலோ மீட்டர். காரில் இருப்பவருக்கு அது 2 நிமிஷம். ஆக்சிலேட்டரை மிதித்தால் முடிந்தது. சைக்கிள் மிதிக்கிறவருக்கு வெயிலில் 8 நிமிஷம், 10 நிமிஷம். லோடு இருந்தால் இன்னும் கூடும். அதனால் ஓரமாக ராங் சைடில் நூறு அடி போய்விடலாம் என்று நினைக்கிறார். ரோட்டை வரைந்தவர் சைக்கிளை நினைத்துப் பார்க்காததால் வந்த தப்பு இது. பழி மட்டும் மிதிக்கிறவர் தலையில்.

அடுத்தது தார் விளிம்பு. பழைய ரோட்டின் மேலேயே திரும்பத் திரும்பத் தார் போட்டு, ரோடு மண்ணைவிட அரை அடி வரை உயர்ந்துவிடுகிறது. பின்னால் லாரி ஹாரன் அடித்தால் சைக்கிள்காரர் இறங்க வேண்டும். இறங்கினால் முன்சக்கரம் விளிம்பில் வழுக்கும். விழுந்தால் மண் பக்கம் விழலாம், லாரி பக்கமும் விழலாம். அது அவர் கையில் இல்லை.

டவுனுக்குள் வந்தால் வேறு கண்டம். மழைநீர் வடிகால் மூடியின் கம்பிகள் ரோடு போகும் திசையிலேயே நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் டயர் உள்ளே இறங்கிவிடும். கார் டயருக்கு ஒன்றும் ஆகாது. நிறுத்தி வைத்த கார், வேன்களைத் தாண்ட சைக்கிள்காரர் நடு ரோட்டுக்கு வர வேண்டும். அந்த நேரம் பார்த்து கார்க் கதவு திறக்கும்.

சிக்னலில் பஸ், லாரியின் இடது முன் மூலையில் போய் நிற்பது ரொம்ப ஆபத்து. அந்த இடம் டிரைவர் கண்ணுக்குத் தெரியாது. வண்டி இடது பக்கம் திரும்பினால் பின்சக்கரம் இன்னும் உள்ளடங்கி வரும். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுக்க வேண்டும். பெரிய வண்டிக்குப் பக்கத்தில் நிற்காதே, பின்னால் நில். மிதிவண்டி கொடுக்கிற விழாவில் ஐந்து நிமிஷம் இதைப் பேசினால் என்ன?

ஆட்களும் வண்டிகளும் கலந்து போகிற ஊர்ப்பகுதியில் வேகம் 30 கிலோ மீட்டரைத் தாண்டக்கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிக்கொண்டே இருக்கிறது. நம்ம ஊர் பைபாஸில் 30-ல் போகிற கார் இருந்தால் பின்னால் இருப்பவர் ஹாரன் அடித்தே ஓரங்கட்டிவிடுவார்.

"வரி கட்டுறானா?"

சைக்கிளுக்குத் தனிப்பாதை கேட்டால் உடனே வருகிற கேள்வி இது. ரோட்டு வரி கட்டுகிறவன் கார்க்காரன், சைக்கிள்காரன் என்ன கட்டுகிறான்?

ஒரு காலத்தில் கட்டினார். வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள். நகராட்சியிலும் பஞ்சாயத்திலும் சைக்கிளுக்கு வரி கட்டி, வில்லை வாங்கி மாட்ட வேண்டும். லைட் இல்லாமல் போனாலும், டபுள்ஸ் போனாலும் போலீஸ் பிடிக்கும். காற்றைப் பிடுங்கிவிடுவார்கள். வாடகை சைக்கிளை எடுத்துக் குரங்கு பெடல் போட்டுப் பழகிய தலைமுறைக்கு இதெல்லாம் தெரியும்.

இப்போதும் சைக்கிள்காரர் சோப்பு வாங்கினாலும் செருப்பு வாங்கினாலும் ஜி.எஸ்.டி. கட்டுகிறார். சைக்கிளுக்கே 12 சதவீதம் வரி இருந்தது. 2025 செப்டம்பர் 22 முதல் 5 சதவீதமாகக் குறைந்தது. நல்ல விஷயம். 5 ஆயிரம் ரூபாய் சைக்கிளுக்கு 350 ரூபாய் மிச்சம். அதே நாளில் சின்ன கார்களுக்கான வரி 28 சதவீதத்தில் இருந்து 18 ஆனது. வரி சேராமல் 4 லட்சம் விலையுள்ள காருக்கு 40 ஆயிரம் மிச்சம். அந்த 40 ஆயிரத்தில் எட்டு சைக்கிள் வாங்கலாம்.

கொல்கத்தாவில் தடை, டெல்லியில் இடிப்பு

பெரிய நகரங்கள் சைக்கிளை எப்படி நடத்தின என்று பார்த்தால் வேதனைதான்.

கொல்கத்தாவில் 2008-ல் 38 ரோடுகளில் சைக்கிளுக்குத் தடை போட்டார்கள். 2013-ல் அது 174 ரோடுகளாக உயர்ந்தது. டிராபிக் வேகம் குறைகிறதாம். பால், பேப்பர், காய்கறி கொண்டுபோகிறவர்கள் அபராதம் கட்டினார்கள். எதிர்ப்பு வலுத்த பிறகுதான் சில ரோடுகளில் தளர்த்தினார்கள்.

டெல்லியில் 2008-ல் அம்பேத்கர் நகரில் இருந்து மூல்சந்த் வரை பஸ்ஸுக்குத் தனி வழியும் ஓரத்தில் சைக்கிள் பாதையும் போட்டார்கள். தங்களுக்கு இடம் குறைந்துவிட்டது என்று கார் தரப்பில் இருந்து ஐகோர்ட்டுக்குப் போனார்கள். செல்வத்தை உருவாக்குகிறவர்கள் காரில் போகிறவர்கள்தான் என்று கூட வாதம் வந்தது. 2012-ல் கோர்ட் அந்த மனுவைத் தள்ளிவிட்டது. கோர்ட்டில் பிழைத்த பாதை ஆட்சியாளர்களிடம் பிழைக்கவில்லை. 2015-ல் அகற்ற முடிவெடுத்து இடித்துவிட்டார்கள்.

சென்னை வேறு மாதிரி. 2014-ல் நாட்டிலேயே முதல் மாநகராட்சியாக, நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் தனிக் கொள்கை கொண்டுவந்தது. போக்குவரத்துக்கான நிதியில் 60 சதவீதம் இவர்களுக்கு என்று எழுதியும் வைத்தது. 2019-ல் வாடகை சைக்கிள் திட்டம் வந்தது. பாண்டி பஜாரில் அகல நடைபாதை வந்தது. பேப்பரில் எல்லாம் பிரமாதம். அண்ணா சாலையில் சைக்கிள் மிதித்துப் பார்த்தால் கொள்கை எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று புரியும்.

ஹாலந்து நாட்டுக்காரன் பிறவியிலேயே சைக்கிள் பிரியன், நம்மால் முடியாது என்று சொல்பவர்கள் உண்டு. அதுவும் தப்பு. 1971-ல் அந்தச் சின்ன நாட்டில் ரோடு விபத்தில் 3 ஆயிரத்துக்கும் மேல் பலி. அதில் 400-க்கு மேல் குழந்தைகள். தாய்மார்கள் பிள்ளைகளோடு நடுரோட்டில் உட்கார்ந்து மறியல் செய்தார்கள். அதன் பிறகுதான் அரசு காரிடம் இருந்து இடத்தைப் பிடுங்கி சைக்கிளுக்குக் கொடுத்தது. இன்று அங்கே நாலில் ஒரு பயணம் சைக்கிளில்.

ஞாயிற்றுக்கிழமை வீரர்களும் அந்தமான் பிள்ளைகளும்

இன்னொரு பக்கம் சைக்கிளுக்கு மவுசு கூடியிருக்கிறது. ஞாயிறு விடியற்காலை ஈ.சி.ஆர். ரோட்டில் ஹெல்மெட், இறுக்கமான பனியன், மின்னுகிற பின்விளக்கோடு கூட்டம் கூட்டமாகப் போகிறார்கள். சைக்கிள் விலை லட்சத்தைத் தொடும். 200 கிலோ மீட்டரைப் பதிமூன்றரை மணி நேரத்தில் முடிக்கிற நெடுந்தூர ஓட்டம் எல்லாம் நடக்கிறது. பரிசு கிடையாது, முடித்தால் பெருமை.

இவர்களைக் கேலி செய்யத் தேவையில்லை. கார் வைத்திருந்தும் சைக்கிள் மிதிப்பவர்கள் பாதை கேட்டால் அதிகாரி காது கொடுப்பார். ஆனால் அவர்கள் கார்கள் தூங்கும் நேரத்தில் ஓட்டி முடித்துவிடலாம். வாட்ச்மேனுக்கும் கொத்தனாருக்கும் அந்தச் சலுகை இல்லை. சாயங்காலம் ஆறு மணி நெரிசலில்தான் வீடு திரும்ப வேண்டும்.

கிராமத்துக்கும் இந்த விளையாட்டு புதுசு இல்லை. திருவிழாவில் ஸ்லோ சைக்கிள் போட்டி உண்டு. மைதானத்தில் நாள் கணக்கில் இறங்காமல் சைக்கிள் சுற்றும் வித்தையைப் பார்க்க ஊரே திரண்ட காலம் உண்டு. வருஷா வருஷம் அண்ணா பிறந்தநாளை ஒட்டி மாவட்டம்தோறும் மாணவர்களுக்கு சைக்கிள் போட்டி நடத்துகிறார்கள். 13 வயதுக்குட்பட்ட பையன்களுக்கு 15 கிலோ மீட்டர், பெண்களுக்கு 10 கிலோ மீட்டர். உள்நாட்டில் தயாரான சாதாரண சைக்கிளில்தான் வர வேண்டும். அன்று ஒருநாள் காலை போலீசார் நின்று ரோட்டை ஒழுங்குபடுத்துகிறார்கள். ஜெயித்த பிள்ளை மறுநாள் அதே ரோட்டில் லாரிக்கு ஒதுங்கிப் போகிறது.

ஒலிம்பிக்கில் இந்திய சைக்கிள் வீரர் கடைசியாக ஓட்டியது 1964-ல், டோக்கியோவில். அதற்கப்புறம் பாரீஸ் 2024 வரை ஒருவரும் இல்லை. திறமை இல்லையா? இருக்கிறது. அந்தமானைச் சேர்ந்த ஈசோ ஆல்பன் 2018-ல் உலக ஜூனியர் போட்டியில் வெள்ளி வாங்கினார். உலக சாம்பியன்ஷிப்பில் இந்தியாவுக்கு அதுதான் முதல் சைக்கிள் பதக்கம். 2019-ல் அவர் இருந்த அணி ஜூனியர் பிரிவில் தங்கமே வாங்கியது. அதே அந்தமான்காரர் டெபோரா ஹெரால்டு, 2004 சுனாமியில் மரத்தில் ஏறி நாள் கணக்கில் தொங்கிப் பிழைத்த குழந்தை. பின்னாளில் ஆசிய அளவில் பெயர் வாங்கிய வேக வீராங்கனை.

இவர்கள் டெல்லியில் 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய உள்ளரங்க ஓடுதளத்தில் பயிற்சி எடுத்தவர்கள். நம்ம மாவட்டத்துப் பையன் எங்கே போவான்? அவனுக்கு இருக்கிற ஒரே ஓடுதளம் பைபாஸ் ரோடு. அதில் வேகம் பழகச் சொல்ல எந்தப் பெற்றோருக்கும் மனசு வராது.

பலியானால் என்ன கிடைக்கும்?

2022-ல் நாட்டில் ரோடு விபத்தில் இறந்தவர்கள் 1 லட்சத்து 68 ஆயிரத்து 491 பேர். அதில் நடந்து போனவர்களே 32 ஆயிரத்துக்கு மேல். சைக்கிளில் போனவர்கள் சுமார் 4 ஆயிரத்து 800 பேர். தமிழ்நாட்டில் மட்டும் அந்த ஆண்டு 64 ஆயிரத்து 105 விபத்துகள். எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம். பலி 17 ஆயிரத்து 884.

சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் இல்லையே, நமக்கு என்ன கிடைக்கும் என்று பல குடும்பங்கள் சும்மா இருந்துவிடுகின்றன. சைக்கிளுக்கு இன்சூரன்ஸ் தேவையில்லை. மோதிய வண்டியின் இன்சூரன்ஸ் கம்பெனிதான் தர வேண்டும். மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டு தீர்ப்பாயத்தில் மனுப் போட வேண்டும். 2019 சட்டத்திருத்தத்தில் 6 மாத கெடு வைத்திருப்பதால் தாமதிக்காமல் போட்டுவிடுவது நல்லது. எப்.ஐ.ஆர். நகல், ஆஸ்பத்திரி சீட்டு, இறந்திருந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை ஆகியவற்றைப் பத்திரமாக வைத்துக்கொள்ள வேண்டும்.

இடித்த வண்டி எது என்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. 2022 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மத்திய அரசு திட்டத்தில், நிற்காமல் போன வண்டியால் இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயம் என்றால் 50 ஆயிரம் ரூபாய். முன்பு 25 ஆயிரமும் 12 ஆயிரத்து 500-ம் தான் இருந்தது. இதற்கு கோர்ட்டுக்கு அலைய வேண்டாம். வருவாய்க் கோட்ட அளவில் விசாரணை அதிகாரியிடம் மனுக் கொடுத்தால் அவர் விசாரித்து கலெக்டருக்கு அனுப்புவார். அங்கிருந்து உத்தரவு வரும்.

வண்டி நம்பர் தெரியவில்லை என்று போலீஸ் ஸ்டேஷனில் சொன்னதோடு திரும்பி வந்துவிட்டவர்கள், எப்.ஐ.ஆர். போடப்பட்டதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது இல்லாமல் இந்த 2 லட்சம் நகராது.